பிணத்துக்குப் பக்கத்தில் பிஸ்கட்

‘சாக்லேட் சிப் குக்கி மர்டர்’, ‘ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக் மர்டர்’, ‘புளூபெரி மஃபின் மர்டர்’, ‘லெமன் மெராங் பை மர்டர்’... பதறாதீர்கள். பேக்கரிகளில் நடந்த படுகொலைகளின் எஃப்.ஐ.ஆர். பட்டியல் இல்லை. எல்லாம் நாவல்கள். ஜோன் ஃப்ளூக் என்கிற அமெரிக்கப் பெண்மணி 2000-ல் பிள்ளையார் சுழி போட்ட வரிசை, 25 புத்தகங்களைத் தாண்டிவிட்டது.

அதில் ஒன்றை மின்சார ரயிலில் படித்துக்கொண்டிருந்தேன். அட்டையில் ஒரு கேக். பக்கத்து சீட் இளைஞர் (கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, மடியில் டிபன் பை) தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் கேட்டார்.

"சமையல் புக்கா சார்?"

"கொலை" என்றேன்.

"கேக் படம் போட்டிருக்கே?"

"அதுவும் உண்டு. உள்ளே செய்முறையோட."

மீனம்பாக்கத்தில் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கும் அவரைப் போன்ற மற்ற இளைஞர்களுக்கும் இந்த வாரம்.

இந்த வகைக் கதைக்கு ‘கோஸி’ என்று பெயர். மார்கழி விடியற்காலையில் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டால் ஒரு சுகம் இருக்கிறதே, அதுதான் கோஸி. கொலை உண்டு, ஆனால் ரத்தம் கார்ப்பெட்டில் வழிந்தோடாது. காதல் உண்டு, ஆனால் கதவு சாத்தப்பட்டதும் ஆசிரியர் நாகரிகமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். ஊர் சின்னதாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு பூனை இருந்தால் உத்தமம். துப்பறிகிறவர் போலீஸாக மட்டும் இருக்கவே கூடாது. பேக்கரி நடத்தலாம், லைப்ரரி நடத்தலாம், ரிட்டயராகி ஸ்வெட்டர் பின்னலாம். செத்துப்போகிற ஆசாமி பெரும்பாலும் ஊரில் யாருக்கும் பிடிக்காதவர். ஆகவே நம் துக்கமும் ஒரு காப்பி ஆறுகிற நேரத்துக்கு மேல் நீடிக்காது. கடைசியில் கொலைகாரர் மாட்டிக்கொள்வார். மிச்சமிருக்கிறவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இதற்கென்று அமெரிக்காவில் 1989 முதல் மாநாடு நடத்தி விருது கொடுக்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் பெயரில் கொடுக்கும் அந்த விருது கேடயம் இல்லை, கோப்பை இல்லை. ஒரு டீ பாட்!

இப்போது ஹானா ஸ்வென்சனைப் பார்ப்போம். மேலே சொன்ன மர்டர்களின் நாயகி. மினசோட்டா மாநிலத்தில் லேக் ஈடன் என்கிற ஊரில் (மேப்பில் தேடாதீர்கள், கற்பனை ஊர்) ‘குக்கி ஜார்’ என்று பிஸ்கட் கடை வைத்திருக்கிறாள். முதல் நாவலில், ஊருக்குப் பால் சப்ளை செய்யும் ரான் என்கிற பையன் அவள் கடையின் பின்சந்தில், பால் வண்டியிலேயே செத்துக் கிடக்கிறான். சுற்றிலும் ஹானாவின் பிஸ்கட்டுகள். அவள் சுட்டது பிஸ்கட், யாரோ சுட்டது ரானை. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போதும் என்பது தமிழுக்கு உள்ள வசதி. இங்கிலீஷ்காரர்கள் பாவம்.

போலீஸ் வந்து, பிணத்தை எடுத்து, ஊரே திகைத்து நிற்கும்போது திடீரென்று கதையை நிறுத்திவிட்டு, வெண்ணெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று செய்முறை வருகிறது. (கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கிப் போடுவதுதான் ஹானாவின் கைப்பக்குவம்.) முதல் தடவை படிக்கும்போது, பைண்டிங் பண்ணினவர் வேறு புத்தகத்தின் பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டாரோ என்று தோன்றும். மூன்றாவது செய்முறைக்குள் பழகிவிடும். ஐந்தாவது வரும்போது கொலைகாரர் யார் என்பதைவிட எலுமிச்சை எத்தனை என்பதில் கவனம் போயிருக்கும்.

ஹானாவின் அம்மா டெலோரஸுக்கு ஒரே கவலை. மகளுக்கு வயசு முப்பதை நெருங்குகிறது, கல்யாணம் ஆகவில்லை! கண்ணில் படுகிற பிரம்மச்சாரியை எல்லாம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். மினசோட்டாவுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் அத்தனை சமுத்திரம் இருப்பதே வீண். ஹானாவுக்கு இரண்டு வரன்கள் அமைகின்றன. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் போலீஸ் அதிகாரி. பிஸ்கட் கடைக்காரிக்குப் பல் டாக்டர்தானே பொருத்தம், பிசினஸ் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வருமே என்று நமக்குத் தோன்றும். அவள் புத்தகம் புத்தகமாக முடிவெடுக்காமல் இழுக்கிறாள். நம் டி.வி. சீரியல் டைரக்டர்கள் அவளிடம் ஆறு மாசம் டியூஷன் போகலாம்.

ஒரு சந்தேகம் வரும். சின்ன ஊரில் புத்தகத்துக்கு ஒரு கொலையாவது விழுந்தால், ஊரில் ஆள் மிஞ்சுமா? இந்தச் சந்தேகம் பழசு. 1984 முதல் 1996 வரை அமெரிக்க டி.வி.யில் ‘மர்டர், ஷி ரோட்’ என்று ஒரு தொடர் வந்தது. ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்து 264 எபிசோடுகள். அதில் கேபட் கோவ் என்கிற கடலோரச் சிற்றூரில் விழுந்த பிணங்களைப் பார்த்து, இந்த வியாதிக்கு ‘கேபட் கோவ் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் வாடகைக்கு வீடு சுலபமாகக் கிடைத்திருக்கும்.

சரி, ஹானா எப்படித் துப்பறிகிறாள்? கைரேகை, பூதக்கண்ணாடி ஒன்றும் இல்லை. ஒரு டப்பா பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு சாட்சி வீட்டுக்குப் போகிறாள். அவர்கள் காப்பி போடுகிறார்கள். இரண்டாவது பிஸ்கட்டில் எல்லாம் வந்துவிடுகிறது. நம்ப முடியவில்லையா? உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு டிரான்ஸ்பர், யாருக்கு மெமோ, எந்த செக்‌ஷனை மூடப்போகிறார்கள் என்பது முதலில் யாருக்குத் தெரியும்? யூனியன் செயலாளருக்கா? இல்லை. டீ கொண்டு வருகிறவருக்கு. ரூமுக்குள் அவர் நுழையும்போது யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. தட்டு ஏந்தி வருகிறவருக்குக் காது உண்டு என்பதே பெரிய மனிதர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. இந்த நாவல்கள் மொத்தமும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் ஓடுகின்றன.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. அதுதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். தட்டு ஏந்தி வருகிறவரை நாம் கவனிப்பதில்லை என்றால், தட்டில் இருப்பதை?

ஆர்செனிக் என்கிற பாஷாணத்துக்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றே சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘வாரிசுப் பொடி’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். மாமனார் சீக்கிரம் போய்ச் சேர்ந்து சொத்து கைக்கு வர வேண்டுமா? சூப்பில் ஒரு சிட்டிகை. 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்கிற இங்கிலீஷ் ரசாயன நிபுணர், உடம்பில் துளி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனை முறையை வெளியிட்டார். அதன் பிறகு வாரிசுகள் கொஞ்சம் பொறுமையாக இருக்கக் கற்றுக்கொண்டார்கள். 1851-ல் பிரிட்டனில் சட்டமே வந்தது. ஆர்செனிக் வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், சில்லறையில் விற்பதில் புகைக்கரியோ நீலமோ கலக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் சர்க்கரை என்று போய்விடுமே!

அப்படியும் 1858-ல் பிராட்ஃபோர்டு நகரில் பெப்பர்மிண்ட் மிட்டாய் தின்று சுமார் 20 பேர் செத்தார்கள், 200 பேர் படுத்தார்கள். கொலை இல்லை. சர்க்கரை விலை அதிகம் என்று மிட்டாய்க்காரர்கள் ஜிப்சம் மாதிரி ஒரு மலிவுப் பொடியைக் கலப்பது வழக்கம். மருந்துக் கடைப் பையன் பீப்பாய் மாற்றி ஆர்செனிக்கை நிறுத்துக் கொடுத்துவிட்டான். மார்க்கெட்டில் மிட்டாய் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போன அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். கதையில் வருகிற பிணங்களுக்கு வராத துக்கம் இதற்கு வருகிறது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பதைப் பற்றி நம் பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். உணவு கொடுத்த வீடே இரண்டகம் செய்தால்? கத்தியோடு வருகிறவனைக் கண்டால் ஓடலாம். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்க" என்று வருகிறவரிடமிருந்து எங்கே ஓடுவது? ஒரு வாய் சோறு எடுத்து வைக்கிற ஒவ்வொரு தடவையும் சமைத்தவரை நம்பித்தான் விழுங்குகிறோம். மேன்ஷனில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடும் பிரம்மச்சாரிகளுக்கு இந்த நம்பிக்கை இன்னும் ஜாஸ்தி வேண்டும்.

அகதா கிறிஸ்டிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் உலகப் போர் சமயத்தில் டார்க்கி ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். எந்தப் புட்டியில் எது, எத்தனை குன்றிமணி எடை கொடுத்தால் ஆள் அவுட் என்பதெல்லாம் அத்துப்படி. 1920-ல் வந்த முதல் நாவலில் விஷத்தைக் கையாண்ட விதத்தை மருந்தாளுநர்களின் பத்திரிகையே பாராட்டியது. அவருடைய மிஸ் மார்ப்பிள் பாட்டி 1927-ல் ஒரு சிறுகதையில் அறிமுகமானாள். அந்த முதல் கேஸிலேயே சாப்பாட்டு மேஜைதான் விவகாரம். யார் எதைச் சாப்பிட்டார்கள், யார் எதைத் தொடவில்லை என்று ஆண்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள, பாட்டி பின்னிக்கொண்டே விடை சொல்லிவிடுகிறாள். அது என்ன என்று சொன்னால் நீங்கள் என்னை உதைக்க வருவீர்கள்.

அவருடைய 1950 நாவல் ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’. அதில் ஒரு சாக்லேட் கேக் வருகிறது. பெயர் ‘டெலிஷியஸ் டெத்’ – ருசிகர மரணம்! இன்றைக்குப் படித்தால் ஒரு கேக், அவ்வளவுதான். 1950-ல் பிரிட்டனில் அதைப் படித்தவர் நிலைமையே வேறு. யுத்தம் முடிந்து ஐந்து வருஷமாகியும் ரேஷன் தீரவில்லை. மிட்டாய், சாக்லேட்டுக்கு 1953 பிப்ரவரி வரை ரேஷன், சர்க்கரைக்கு அதே வருஷம் செப்டம்பர் வரை. கடைசியாக மாமிசத்துக்கு 1954-ல்தான் விட்டது. கூப்பனை எண்ணி எண்ணி வாரத்தை ஓட்டிய ஒரு லண்டன் கிளார்க், வெண்ணெயும் சாக்லேட்டுமாகப் பிசைந்த அந்தக் கேக்கைப் பற்றிய பத்தியை எத்தனை தடவை திருப்பிப் படித்திருப்பார்! கொலை அப்புறம், முதலில் கேக்.

ஆண் துப்பறிவாளர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு நீரோ வுல்ஃப் இருக்கிறார். ரெக்ஸ் ஸ்டவுட் 1934-ல் படைத்த மலை. நியூயார்க்கில் வீட்டை விட்டு நகர மாட்டார். மாடியில் ஆர்க்கிட் செடி வளர்ப்பார், கீழே சமையல்காரர் ஃப்ரிட்ஸ் சமைத்ததைச் சாப்பிடுவார். ஓடி ஆடும் வேலைக்கு ஆர்ச்சி குட்வின் என்ற உதவியாளர். சாப்பாட்டு மேஜையில் கேஸ் விஷயம் பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். லஞ்ச் நேரத்தில் போன் வந்தால் பாதிச் சாதத்தில் எழுந்து ஓடுகிற நம் கூட்டத்துக்கு இவர் தெய்வம். 1938-ல் வந்த ‘டூ மெனி குக்ஸ்’ நாவலில் உலகத் தலைசிறந்த சமையல்காரர்கள் ஒரு ஹோட்டலில் கூடுகிறார்கள். சாஸ் ருசி பார்க்கும் போட்டி நடக்கும்போது ஒருவர் முதுகில் கத்தி. சமையல்காரர்களுக்குள் இருக்கும் பொறாமையைப் பார்த்தால் ஒரே ஒருவர்தானா செத்தார் என்று கேட்கத் தோன்றும்.

1982-ல் வர்ஜீனியா ரிச் என்பவர் ‘தி குக்கிங் ஸ்கூல் மர்டர்ஸ்’ எழுதி சமையலறைக்கும் சவக்கிடங்குக்கும் நிரந்தரமாகப் பாலம் போட்டார். அடுத்து 1990-ல் டயான் மாட் டேவிட்சன். இவர்தான் என் கட்சி.

இவருடைய முதல் நாவல் ‘கேட்டரிங் டு நோபடி’. கொலராடோ மலையூர் ஒன்றில் கோல்டி என்ற பெண். கல்யாணம், விருந்து, கருமாதி எதுவானாலும் சமைத்துப் பரிமாறும் கேட்டரிங் தொழில். மாஜிக் கணவன் டாக்டர், கை நீட்டுகிறவன். அவன் பெயரின் மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் இங்கிலீஷில் ‘ஜெர்க்’ என்று வரும், அதாவது கடைந்தெடுத்த அயோக்கியன். அப்படித்தான் அவனைக் கூப்பிடுகிறாள். விவாகரத்து வாங்கிக்கொண்டு, பையனை வைத்துக்கொண்டு, கரண்டியை நம்பிப் பிழைக்கிறாள். ஒரு துக்க வீட்டுச் சாப்பாட்டின்போது மாஜி மாமனார் எலி மருந்து உள்ளே போய்ச் சுருண்டு விழுகிறார். பிழைத்துக்கொள்கிறார். ஆனால் போலீஸ் என்ன செய்கிறது? கோல்டியின் சமையலறையை மூடிவிடுகிறது. கேஸ் முடியும் வரை அவள் யாருக்கும் சமைத்துப் போடக் கூடாது.

ஷெர்லக் ஹோம்ஸ் போரடித்தால் துப்பறிவார். இவள் துப்பறிவது அடுத்த மாசம் வீட்டுச் செலவுக்கு. குற்றவாளி பிடிபடாத ஒவ்வொரு நாளும் ஒரு ஆர்டர் கேன்சல். ஊரில் யாரோ ஒருவர் தன் கையால் பரிமாறிய சாப்பாட்டைக் கெடுத்துவிட்டார், தன் கை மேல் ஊருக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார் என்பதுதான் அவளுடைய ஆத்திரம். ஹோட்டல் வைத்திருக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள். ‘அங்கே சாப்பிட்டு ஒருத்தருக்கு வாந்தியாம்’ என்று ஒரு வதந்தி போதும். இருபது வருஷப் பெயர் இரண்டு நாளில் காலி. கேக்கும் பிஸ்கட்டுமாக விளையாட்டுக் காட்டுகிற இந்த நாவல்களில் பிழைப்பு போகிற பயம் மட்டும் நிஜம். வேலையில் இருக்கிறவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

செய்முறை எதற்கு என்பதற்கும் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. துப்பறியும் கதையில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். வேலைக்காரர் பொய், விதவை பொய், கதை சொல்கிற ஆசிரியரே பாதியை ஒளிக்கிறார். செய்முறைப் பக்கம் ஒன்றில்தான் எதையும் ஒளிப்பதில்லை. என்னென்ன சாமான், எவ்வளவு, எத்தனை நிமிஷம், எல்லாம் முன்கூட்டியே. பொய்க்கு நடுவில் ஒரு பக்கம் உண்மை. (சமைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 350 டிகிரி என்று பார்த்ததும் மிரள வேண்டாம், அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 177. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி. நம் வீட்டு ஆழாக்கைப் போட்டு அளந்தால் நான் ஜவாபு இல்லை.)

முதலில் எதை வாசிப்பது என்று மீனம்பாக்கம் இளைஞர் கேட்டிருந்தால் ‘அகதா ரெய்சின் அண்ட் தி கீஷ் ஆஃப் டெத்’ என்றிருப்பேன். எம்.சி. பீட்டன் 1992-ல் எழுதியது. அகதா ரெய்சின் லண்டனில் விளம்பரத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவள். ஐம்பது சொச்சத்தில் கம்பெனியை விற்றுவிட்டு, சின்ன வயசிலிருந்து கனவு கண்ட காட்ஸ்வோல்ட்ஸ் கிராமத்தில் வீடு வாங்கிக்கொண்டு போகிறாள். போன பிறகுதான் தெரிகிறது, பேச ஆள் இல்லை. ஊரில் ‘கீஷ்’ போட்டி. கீஷ் என்பது முட்டை, க்ரீம், சீஸ் எல்லாம் ஊற்றி வேகவைத்த திறந்த பை. அம்மணிக்கு வெந்நீர் வைத்தாலே தீய்ந்துவிடும். லண்டனுக்குப் போய் நல்ல கடையில் கீரை கீஷ் ஒன்றை வாங்கிவந்து, தான் செய்தது என்று வைத்துவிடுகிறாள். பரிசு இல்லை. போகட்டும். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்ட நடுவர் காலி! உள்ளே நச்சுச் செடி – பார்க்க சாது, கொத்தமல்லி, கேரட் குடும்பம். கொலைப்பழியிலிருந்து தப்ப வேண்டுமானால் ‘அது கடையில் வாங்கியது’ என்று ஊர் முன்னால் சொல்லியாக வேண்டும்.

படித்துச் சிரித்தாலும் அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு பரிதாபம். முப்பது வருஷம் ஆபீஸே கதி என்று இருந்துவிட்டு, ரிட்டயரான மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்காருகிறவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். நாலு பேர் "வாங்க" என்று சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு பையைத் திருட்டுத்தனமாகப் போட்டிக்கு வைப்பது அவ்வளவு பெரிய குற்றமா என்ன?

இப்போது ஆளுக்கு ஆள் அவரவர் அடுப்போடு வந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் ஓவிடியா யூ 2013-ல் ஆரம்பித்த ஆன்ட்டி லீ, ஹோட்டல் நடத்தும் பெரனாக்கன் விதவை, ஊறுகாய் ஸ்பெஷலிஸ்ட். அவள் போடும் ‘அச்சார்’தான் யாழ்ப்பாணத்தில் அச்சாறு. டெல்லிக்கு டார்க்வின் ஹாலின் விஷ் பூரி. மனைவி டயட் போட்டிருக்க, ஒளித்து வைத்துத் தின்னும் டிடெக்டிவ். 2012-ல் ‘டெட்லி பட்டர் சிக்கன்’ கேஸ் பார்த்தார். மியா மனன்சாலாவின் ‘ஆர்செனிக் அண்ட் அடோபோ’ (2021) பிலிப்பைன்ஸ் குடும்பம் அமெரிக்காவில் நடத்தும் ஹோட்டல். அதில் ஏப்ரல், மே, ஜூன் என்று பெயர் கொண்ட மூன்று மாமிகள் வம்பளக்கும் அழகு ஒன்றுக்கே காசு சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. இதில் கொலையே கிடையாது. ஹிசாஷி காஷிவாய் ஜப்பானிய மொழியில் 2013-ல் எழுதி, 2023-ல் இங்கிலீஷில் ‘தி காமோகாவா ஃபுட் டிடெக்டிவ்ஸ்’ என்று வந்தது. கியோட்டோ நகரில் போர்டு இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை. நடத்துகிறவர் ரிட்டயரான போலீஸ்காரரும் மகளும். சாப்பாட்டுப் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம். அதைப் பிடித்துக்கொண்டு எப்படியோ ஆட்கள் வருகிறார்கள், எப்போதோ சாப்பிட்ட, இனிமேல் கிடைக்காத ஒரு பண்டத்தைத் தேடித் தரச் சொல்லி. முதல் கதையில் மனைவியை இழந்த ஒருவர். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். அதற்கு முன்னால், செத்துப்போன மனைவி மண்சட்டியில் செய்து தரும் நூடுல்ஸை ஒரே ஒரு தடவை அதே ருசியில் சாப்பிட வேண்டும். என்ன போட்டாள், எங்கே வாங்கினாள் என்று அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் சாப்பிட்டாரே தவிர, ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. போலீஸ்காரர் கிளம்புகிறார், கொலைக் கேஸில் விசாரிக்கிற அதே மூளையோடு. இரண்டு வாரம் கழித்துச் சட்டி வருகிறது.

அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், ரசத்தில் என்ன பொடி போடுகிறாய் என்று என் மனைவியிடம் விசாரித்தேன்.

"எதுக்கு? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள்.

இரவில் இவற்றைப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பதினொரு மணிக்கு மேல் கண்டிப்பாகப் பசிக்கும். இருட்டில் முறுக்கு டப்பாவைச் சத்தமில்லாமல் திறக்கப் பழகுங்கள். அதோடு, லைப்ரரிப் புத்தகமாக இருந்தால் பக்கத்தைத் தட்டிவிட்டு மூடுங்கள். 140-ஆம் பக்கத்தில் சீரகமும் எள்ளும் கண்டுபிடிக்கப்பட்டதாக நேற்று காலை காப்பியோடு சேர்த்து எனக்குத் தகவல் வந்தது.